வீட்டுக்காரரின் தங்கச்சி

மேடைக்குப் போகிற வரிசை நகரவில்லை. நகர்ந்தால் நல்லது என்று நகுலேஸ்வரி நினைத்தாள். நகராமலே இருந்துவிட்டால் அதைவிட நல்லது என்றும் நினைத்தாள். மேடையில் ஒரு பெரிய குடும்பம் குஞ்சு குருமான் சகிதம் ஏறி இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நிற்க, படக்காரர் அவர்களை இரண்டு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஐயா கொஞ்சம் உள்ளுக்கு. அம்மா, நீங்கள் கேக்கை மறைக்கிறியள்." நடுவில் பொன்முலாம் பூசிய சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, அதில் பஞ்சலிங்கத்தின் மகள் அபிரா, இன்றைக்கு மூன்றாவது சேலையில். பிள்ளை பெரிய பிள்ளையாகி ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறையும், மண்டபம் கிடைப்பதும், கனடாவிலிருந்து சித்தப்பாமார் வருவதும் ஒன்றாக அமைய வேண்டுமே, அதனால் சாமத்திய வீடு இந்த ஆனி மாதத்துச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாகப் பஞ்சலிங்கம் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார். அவர்தான் நகுலேஸ்வரி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அவரிடம்தான் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அண்ணை, ஒரு சின்ன உதவி. இப்படித் தொடங்கலாம் என்று காலையில் சேலை உடுக்கும்போதே முடிவு செய்திருந்தாள். ஆனால் சின்ன என்று சொல்லலாமா? சின்ன உதவி என்றால் அவர் சிரித்துக்கொண்டு என்ன தங்கச்சி என்பார், பிறகு கடுதாசியைக் கண்டதும் முகம் கோணும், சின்னது என்று சொல்லிப் பெரியதை நீட்டிய கள்ளியாகிவிடுவாள். பெரிய உதவி என்றால் காசு கேட்கிறாள் என்று நினைத்துக் கை சட்டைப்பைக்குப் போகும். பட்டுச் சட்டையில் பை இருக்குமா? புருசன் குணநாயகத்தின் கலியாணப் பட்டுச் சட்டையில் இருந்ததா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அண்ணை, ஒரு உதவி. வெறும் உதவி. சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம்.

கைப்பைக்குள் கடுதாசி நாலாக மடிந்து கிடந்தது. ஒரு பக்கம்தான். இந்த விலாசத்தில் இன்னார் இவ்வளவு வாடகைக்குக் குடியிருக்கிறார் என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். அதைக் கொடுத்தால் வாடகையில் பெரும்பங்கை நகரசபைக் கவுன்சிலே கட்டும். ஹவுசிங் பெனிஃபிட் என்று முதன்முதல் அவள் கேள்விப்பட்டபோது அது வேறு யாருக்கோ உரிய சங்கதி என்றுதான் நினைத்திருந்தாள். குணநாயகத்துக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "வேலை செய்யிற கை இருக்கேக்கை உது என்னத்துக்கு?" என்பார். அந்தக் கை. பெற்றோல் செட்டில் இரவிரவாக வேலை பார்த்த வலது கை, மாசி மாதத்தில் ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போய்த் தூக்காமல் நின்றுவிட்டது. கோப்பை உடையக்கூட இல்லை. மேசையில் கிடந்தபடி கிடந்தது, அவர்தான் கதிரையிலிருந்து மெல்லச் சரிந்தார். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மாடி அறையில் ஜன்னலோரம் இருந்து றோட்டைப் பார்க்கிறார். கதைக்கிறார், ஆனால் சொல்லின் பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. பாலர் பள்ளியில் கூட்டித் துடைத்து அவள் கொண்டுவருகிற சம்பளம் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் மட்டுமட்டு, வாடகை மிச்சம் பிடித்து வைத்த காசிலிருந்துதான் போகிறது. சோற்றைத் தட்டத்தில் போட்டு இன்னொரு தட்டத்தால் மூடிவிட்டு வந்தாள். ரிமோட்டை இடக்கைப் பக்கம் வைத்தாளா? வைத்தாள். வைத்ததாகத்தான் நினைவு. வலக்கைப் பக்கம் வைத்திருந்தால் பின்னேரம் முழுக்க மனுசன் ஒரே சனலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சாமத்திய வீட்டில் அழக்கூடாது. மேடைப் பக்கம் பார்த்துக் கண்ணை அகல விரித்து அதை உள்ளே அனுப்பினாள்.

பஞ்சலிங்கம் கெட்ட மனுசன் என்றால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். கெட்டவனிடம் கேட்கலாம், திட்டலாம், கவுன்சிலுக்கு எழுதிப் போடலாம். அவர் அப்படி இல்லை. அவளும் குணநாயகமும் இரண்டு சூட்கேஸோடு வந்து நின்ற அன்று மெத்தையைத் தன் தலையிலே தூக்கிக்கொண்டு மாடி ஏறினவர். ஆஸ்பத்திரிக்கு முந்திரிகைப் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு வந்தவர். அவர் அவளை விட இரண்டு வயது இளையவர், ஆனாலும் அவர் அண்ணை, அவள் தங்கச்சி. வீடு வைத்திருப்பவர் மூத்தவர் என்பது லண்டன் வழக்கம், யாரும் சட்டம் போட்டதில்லை. மாதத் தொடக்கத்தில் அவள் காசை உறையில் போட்டுக் கொடுப்பாள், அவர் பார்க்காமலே மடித்து வைத்துக்கொள்வார். "தங்கச்சியிட்டை எண்ணி வாங்கிறதோ?" ரசீது கேட்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்டால் உன்னை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். ஒரே ஊர், ஒரே கோயில் வீதி, நடுவில் ரசீது என்ன ரசீது என்றுதான் இருந்தாள். இப்போது அந்த ரசீதுகள் எங்கே என்று கவுன்சில் கேட்கிறது. போன மாதம் பஞ்சலிங்கம் மாடிக்கு வந்து குணநாயகத்தின் தோளைத் தடவி, "மச்சானுக்கு முதல் சுகம் வரட்டும். வாடகையை யோசியாதேங்கோ" என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படியிறங்கும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, "என்ர மனுசியின்ரை தம்பியாக்கள் சுவிஸிலயிருந்து வரப்போறமெண்டு நிக்கினம். அவையளுக்கும் இடம் வேணும். ஆடி மட்டும் பிரச்சினை இல்லை" என்றார். ஆடி மட்டும் என்றால் ஆடி முடிந்தால்? அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. நல்ல மனுசர்கள் இப்படித்தான், பாதியைச் சொல்லி மீதியை நம்மையே யோசிக்க விட்டுவிட்டுப் போவார்கள், நாம் யோசித்து யோசித்து அவர்களுக்காக அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

வரிசை இரண்டடி நகர்ந்தது. சேலைத் தலைப்பு நழுவாமல் தோளில் குத்திய ஊசி உள்ளே திரும்பிவிட்டது போல, கையை அசைத்தால் சுருக்கென்கிறது. மேடைப் புகை மெஷினிலிருந்து ஏதோ இனிப்பு மணம் வந்து, பின்பக்கம் பொரிகிற வடை மணத்தோடு கலந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. சடங்குத் தட்டம் தூக்குகிற பெண்கள் நேரத்தோடு வர வேண்டும் என்று வதனி சொல்லியிருந்தாள். வதனி, பஞ்சலிங்கத்தின் மனுசி. "மச்சாள், அவருக்குக் கூடப்பிறந்த பொம்பிளைச் சகோதரம் ஒண்டும் இல்லை. மாமி முறைக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிக்கோணும்." அன்னாசிப் பழத் தட்டம் அவளுக்கு. கனத்துப்போன தட்டம். முன்வரிசையில், வீடியோ லைட்டுக்கு நேரே, சிரித்துக்கொண்டு நடந்தாள். ஆராத்தி எடுக்கவும் அவளையே கூப்பிட்டார்கள், வாழைப்பழத் துண்டில் எரிகிற திரி அபிராவின் முகத்தைச் சுற்றும்போது சுடர் கிட்டப் போய், பிள்ளை பயந்து பின்னுக்குச் சாய்ந்தது. அப்போதுகூட அவள் நினைத்தது கையெழுத்தைத்தான். இப்படி மாமியாக நிற்க வைத்தவர் கையெழுத்து வைக்க மாட்டாரா? இப்படி மாமியாக நிற்க வைத்தவரிடம் போய் வாடகைக் கடுதாசி நீட்டலாமா? இரண்டும் ஒரே கேள்விதான், இந்தப் பக்கம் திருப்பினால் தைரியம் வருகிறது, அந்தப் பக்கம் திருப்பினால் வெட்கம் வருகிறது. முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறாள். கோயில் வாசலில், அவர் சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. "கவுன்சிலோ?" என்றார். அந்த ஒரு சொல்லிலே அவர் முகம் வேறு யாருடைய முகமோ ஆகிவிட்டது. பிறகு சிரித்தார். "பாப்பம் தங்கச்சி." பாப்பம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் மாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே. அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வரிசையில் நிற்கிறாள்.

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பெரிய கரைச்சல். அவர் இருப்பது இல்ஃபோர்டில், புதுப் பெரிய வீட்டில். அவள் குடியிருக்கிற ஈஸ்ட் ஹாம் வீட்டில்தான் இன்னும் தான் குடியிருப்பதாக வங்கிக்குச் சொல்லி வைத்திருந்தார். வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வங்கியும் வரும், வரிக்காரரும் வருவார்கள். இதை அவரே அவளுக்கு ஒருநாள் வாசலில் நின்று சொன்னார். "ஆரும் வந்து விசாரிச்சால் எங்கட ஆக்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ." சொன்னபடியே ஒருநாள் ஒருவர் வந்தார். கவுன்சில் ஆள், கழுத்தில் அட்டை, மழையில் நனைந்த சப்பாத்து, பாவமாக இருந்தது பார்க்க. கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிற பெடியன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் இவள் மட்டும். யார் யார் இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். எங்கட ஆக்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். யார் அவளை உள்ளே கூப்பிடச் சொன்னது? யார் தேத்தண்ணி போடச் சொன்னது? "ஓனர் மை பிரதர்" என்றாள். அவர் தலையாட்டினார், அதோடு போயிருப்பார், ஆனால் வந்தவரை வெறுமனே அனுப்பப் பிடிக்காமல் அவள் கோயில் திருவிழாவில் பஞ்சலிங்கத்தோடு நின்ற படத்தையும் எடுத்துக் காட்டினாள். பிறகு, இதை யாரும் கேட்கவே இல்லை, கடவுள் சாட்சியாக யாரும் கேட்கவில்லை, "நோ ரென்ட்" என்றாள். "ஃபமிலி." ஏன் சொன்னாள்? வாயில் வந்தது. அண்ணை வாடகைக்கு வைத்திருக்கிறார் என்பதை விட அண்ணை வைத்திருக்கிறார் என்பது சொல்ல வடிவாக இருந்தது. அந்த மனுசனுக்கு முன்னால், அந்த வெள்ளைக்கார மனுசனுக்கு முன்னால், தனக்கும் இந்த ஊரில் ஒரு சகோதரம் இருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். பஞ்சலிங்கம் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார், அடுத்த நாள் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். "தங்கச்சி, நீங்கள் கெட்டிக்காரி." அந்தக் கிழமை முழுக்க அவள் சந்தோசமாக இருந்தாள். உண்மையில் சந்தோசமாக இருந்தாள்.

அந்தக் கவுன்சில் ஆள் எழுதியது எங்கேயும் போகவில்லை. இப்போது விண்ணப்பம் போட்டதும் அது எழும்பி வந்து முன்னால் நிற்கிறது: நீங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் சகோதரி, வாடகை இல்லாமல் இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறீர்கள், ஆகவே வாடகை கொடுப்பதற்கு ஆதாரம் தேவை. நூலகத்து மேல்மாடி ஆலோசனை நிலையத்தில் திங்கட்கிழமைகளில் தமிழாட்களுக்குக் கடிதம் வாசித்து விளங்கப்படுத்துகிற துஷ்யந்தி என்ற பிள்ளைதான் இதை வாசித்துச் சொன்னது. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. ஏசவில்லை. "ஏன் அன்ரி இப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டது. வீட்டுக்காரரின் பெயர் என்ன என்றும் கேட்டது. பெயரை இப்ப எழுத வேண்டாம் பிள்ளை, அவர் முதலில் சம்மதிக்கட்டும் என்று நகுலேஸ்வரி சொல்லிவிட்டாள். அண்ணையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயம். யோசித்துப் பார்த்தால் அவளைப் போல் ஒரு விசரி இருக்க மாட்டாள். தன் கழுத்தில் கயிறு இறுகுகிறபோதும் மற்ற ஆளின் சட்டை கசங்குமோ என்று பார்க்கிறவள்.

"அன்ரி, நீங்களோ? சேலையிலை அடையாளமே தெரியேல்லை."

பின்னால் திரும்பினாள். துஷ்யந்திதான். நீலச் சேலை, தலையில் ஒரு முழம் பூ, கையில் பரிசுப் பொதி. நினைத்ததும் வந்து நிற்கிறதே என்று நகுலேஸ்வரி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்கள் எங்கை பிள்ளை இஞ்சை?"

"அபிராவுக்கு நான்தானே தமிழ் படிப்பிச்சது. வதனியக்கா விடேல்லை, கட்டாயம் வரோணுமெண்டு. நீங்கள் தட்டமெல்லாம் தூக்கினியள், சொந்தமோ?"

"ஊர். ஒரே ஊர் ஆக்கள்."

பொய் இல்லை. பாதி. துஷ்யந்தி குரலைத் தாழ்த்தினாள். "உங்கட வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சவரோ?"

"இண்டைக்குக் கேக்கிறன் பிள்ளை."

"இண்டைக்கோ? கொண்டாட்டத்துக்கு நடுவிலையோ?"

"இண்டைக்குத்தான் ஆளைப் பிடிக்கலாம்," என்று சொல்லிவிட்டு நகுலேஸ்வரி மேடைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்திலே கண் அங்கேதான் போனது.

"சரி, கேளுங்கோ. மாட்டனெண்டால் கவலைப்படாதேங்கோ. திங்கக்கிழமை வாங்கோ, எங்கட நிலையத்தாலை நானே எழுதித் தாறன், இவ வாடகைக்குத்தான் இருக்கிறா, எங்களுக்குத் தெரியுமெண்டு. எங்கட கடிதத்தை அவையள் ஏற்கிறவை. ஆனால் அன்ரி, எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் எழுதலாம். நீங்கள் உண்மையா வாடகை குடுக்கிறியள்தானே? முந்தி அவையளுக்குச் சொன்னது பொய்தானே?"

"சத்தியமாப் பொய் பிள்ளை."

துஷ்யந்தி சிரித்துவிட்டாள். நகுலேஸ்வரியும் சிரித்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு இப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை. சிரிப்பு அடங்கும்போதுதான் அது மெல்ல விளங்கியது: இனிக் கேட்கத் தேவையில்லை. பஞ்சலிங்கத்திடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. சின்ன உதவியும் இல்லை, பெரிய உதவியும் இல்லை, அண்ணையின் முகம் கோணவும் தேவையில்லை, கைப்பையைத் திறக்கவே தேவையில்லை. திங்கட்கிழமை போனால் இந்தப் பிள்ளை எழுதித் தரும். இவ்வளவு லேசாக இருந்ததா? உடம்பே இலகுவாகி, தோள் ஊசியின் குத்தல்கூட அடங்கிப்போனது. வீட்டுக்குப் போனதும் குணநாயகத்திடம் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளை எழுதித் தருகிறதாம் என்று. அவர் ஏதாவது சொல்ல முயல்வார், சொல் பாதியில் நிற்கும், ஆனால் கண் விளங்கிக்கொள்ளும். வீடு மாறத் தேவையில்லை, ஜன்னலும் மாறாது. அந்த ஜன்னலால்தானே அவருக்கு உலகம். பஸ் நிலையம், கோழிக்கடை, எதிர்வீட்டுப் பூனை. வேறு எங்கேயோ கீழ்வீடோ பின்வளவோ கிடைத்தால் மதிலைப் பார்த்துக்கொண்டல்லவா இருப்பார் என்று இரவெல்லாம் கிடந்து பயந்தது வீண்.

வரிசை இப்போதுதான் விறுவிறென்று நகரத் தொடங்கியது. மேடைப் படிகளுக்கு முன்னால் ஐந்தாறு பேர்தான். அப்போதுதான் அடுத்தது உறைத்தது. பின்னால் துஷ்யந்தி. மேலே பஞ்சலிங்கம். இரண்டு பேரும் ஒரே மேடையில். பஞ்சலிங்கத்தின் வாய் சும்மா இருக்காது, அதுவும் இன்றைக்கு, அதுவும் வீடியோவுக்கு முன்னால். ஏதாவது சொல்வார். என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், வாங்கோ என்பார், படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். இல்லை, சொல்வார். வரிசையை விட்டுப் போய்விடலாம். கழிப்பறைக்கு என்று சொல்லலாம். மாமி முறையாக முன்னுக்கு நின்றவள் படத்தில் இல்லை என்றால் வதனி எண்ணி எண்ணிச் சொல்வாள், ஆடிக்குப் பிறகு ஆடி வந்தாலும் சொல்வாள். அப்படியானால் இந்தப் பிள்ளையை முன்னே விடலாம். "நீங்கள் முன்னுக்குப் போங்கோ பிள்ளை, எனக்குக் கால் கடுக்குது, ஆறுதலா வாறன்." "ஐயோ, கால் கடுத்தால் நீங்களெல்லோ முதல் போகோணும்," என்று துஷ்யந்தி அவள் முதுகில் மெல்லக் கைவைத்தாள். அன்பான கை. அந்தக் கையைத் தட்டிவிட முடியவில்லை. கைப்பையைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். குங்குமம், கைக்குட்டை, கடுதாசி, மொய் உறை. எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படியடியில் நின்ற பெடியன் ஒருவன் கையைத் தட்டிச் சத்தம் வைத்தான். "ஹோல் ஆறு மணிக்கு விடோணும். இனி ரெண்டு ரெண்டு ஆக்களா ஏறுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ." மேலிருந்து வதனியும் கண்டுவிட்டாள். "மச்சாள், ஏன் அங்கை நிக்கிறியள்? வாங்கோ வாங்கோ." கால் தானாகப் படியில் ஏறியது. வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, கால் ஏறிக்கொண்டே இருந்தது.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. பக்கத்தில் பார்த்தால் அபிராவின் பவுடரெல்லாம் வியர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது, பாவம், பிள்ளை கொட்டாவியை விழுங்கியது. மொய் உறையைப் பெட்டிக்குள் போட்டாள். பஞ்சலிங்கம் துஷ்யந்தியைக் கண்டதும் இரு கையையும் விரித்தார். "டீச்சர்! வாங்கோ வாங்கோ. இவவைத் தெரியுமோ?" என்று நகுலேஸ்வரியின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஊசி ஏறிக் குத்தியது. "இது என்ர தங்கச்சி. கூடப்பிறக்கேல்லை எண்டதுதான் குறை. மச்சானுக்குக் கை கால் ஏலாது. எங்கட ஈஸ்ட் ஹாம் வீட்டிலைதான் வைச்சிருக்கிறம். வாடகையெண்டு இண்டுவரைக்கும் ஒரு சதம் வாங்கினதில்லை. தங்கச்சியிட்டை வாங்கிறதோ, சொல்லுங்கோ?" பக்கத்தில் நின்ற கனடாச் சித்தப்பா, "அதெல்லோ மனுசன்" என்று அவர் முதுகில் தட்டினார். வீடியோக்காரர் கமராவைக் கிட்டக் கொண்டுவந்தார். துஷ்யந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றது. கடிதத்தில் வாசித்த அதே ஈஸ்ட் ஹாம் என்றதும் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நகுலேஸ்வரிக்குத் தெரிந்தது. விளங்கியபிறகும், கோபப்படாமல், ஒரு பக்கமாகத் தலையைச் சரித்து, அவளை மட்டும் பார்த்துக் கேட்டது. "அப்பிடியே அன்ரி?"

இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். பிள்ளை கை நீட்டுகிறது, பிடித்தால் போதும். இல்லை பிள்ளை, மாதம் மாதம் குடுக்கிறன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பஞ்சலிங்கத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொல்கிற முகத்தோடு நிற்கவில்லை. அப்படியே நம்பிக்கொண்டு நின்றார், தான் வாங்கியதே இல்லை என்று, தான் அப்படிப்பட்ட மனுசன் என்று, மகளின் நல்ல நாளில், இவ்வளவு பேருக்கு முன்னால். கண்ணோரம் ஈரம்கூட இருந்தது. ஆனால் தோளில் இருந்த கை மட்டும் இறுகியது, கொஞ்சம்தான், அவளுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. ஆடி மட்டும். இல்லை என்றால் ஆடிகூட இல்லை. இல்லை என்றால் இந்த மேடையில், இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில், இவரை என்ன செய்ததாகும்? யாராவது இப்படிச் செய்வார்களா? செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள், அவர்களுக்கெல்லாம் வீடு இருக்கிறது. குணநாயகம் இப்போது பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி இன்னும் காற்றில் நிற்கிறது. வீடியோ ஓடுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள்.

"ஓம் பிள்ளை," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அண்ணை எங்களுக்குத் தெய்வம் மாதிரி."

சித்தப்பா மறுபடி தட்டினார். தோளில் இருந்த கை தளர்ந்தது. "எல்லாரும் இஞ்சை பாருங்கோ," என்று படக்காரர் சொன்னார், அவள் பார்த்தாள், சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார், அதற்கும் சிரித்தாள்.

இறங்குகிற படி மற்றப் பக்கம். துஷ்யந்தி ஒரு கையால் தன் சேலைக் கொய்யகத்தையும் மற்றக் கையால் நகுலேஸ்வரியின் முழங்கையையும் பிடித்து, மெல்ல இறக்கினாள். கடைசிப் படி தாண்டியதும் கையை எடுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை வராதேங்கோ அன்ரி," என்றாள். "இனி நான் அதை எழுத ஏலாது." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், காலில்கூட விழுந்திருக்கலாம். அவர் சொன்னதுதான் பொய், நான் சொன்னதும் பொய், முந்திச் சொன்னது மட்டும்தான், இல்லை, அதுவும் பொய், என்று சொல்லச் சொல்ல எந்தப் பொய்யை விலக்கி எந்தப் பொய்யை வைப்பது என்று தெரியாமல் போய்விடும். துஷ்யந்தி கோட்டுகள் தொங்கிய பக்கம் நடந்தாள். நகுலேஸ்வரிக்கு அவள் பின்னால் ஓட வேண்டும் போல் இருந்தது. ஓடினாள்கூட, நாலைந்து எட்டு. திரும்பிப் பார்த்தால், மேடையிலிருந்து வதனி, அடுத்த குடும்பத்துக்கு இடம்விட்டபடியே, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். துஷ்யந்தி கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு அவளுக்காக நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த முகம். நகுலேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டு ஆள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"சாப்பிடாமப் போயிடாதேங்கோ பிள்ளை."